உள்பக்கக் கம்பி ஓரம்

முதலில் ஒரு சின்னத் திருத்தம், ஐயா. கேள்விக்குக் கேள்வி மண், மண் என்கிறீர்கள். அது மண் இல்லை. மணலோடு துண்டு ரப்பரும் நூல்நாரும் கலந்து மெழுகில் புரட்டி எடுத்தது. கையில் அள்ளினால் லேசாகப் பிசுபிசுக்கும், மழை பெய்தாலும் சேறாகாது. குதிரையின் கால் விழும்போது வாங்கிக்கொள்ளும், எழும்போது தூக்கிக் கொடுக்கும். நல்ல சரக்கு. அதன்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

அதைப் போட வைத்தவர்மேல்தான் வருத்தம். பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். என் தங்கை அவரிடம் வேலை பார்த்தாள். காலையில் குதிரைகளின்மேல் ஏறி ஓட்டிப் பழக்குவது அவள் வேலை. அப்போது இருந்தது பழைய மண் தரை. அதைக் கிளறிச் சமன் செய்து பார்த்துக்கொண்டது நான். ஒருநாள் ஓட்டத்தின் நடுவே அவள் ஏறியிருந்த குதிரைக்கு முன்னங்கால் முறிந்து, அது அவள்மேலேயே சாய்ந்தது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வு இல்லை.

அந்தக் குதிரை நொண்டிக்கொண்டிருந்தது லாயத்தில் எல்லோருக்கும் தெரியும். வலி தெரியாமலிருக்க மாஸ்டர் ஊசி போட்டு வெளியே விட்டிருந்தார். விசாரணையில் அவர் சொன்னது இது: "குதிரைக்கு ஒண்ணும் இல்லைங்க. தரைதான் கல்லு மாதிரி கிடந்துச்சு." வாய் கூசாமல் சொன்னார். பழி என் தலையில் விழுந்தது. சொந்தத் தங்கையை முடமாக்கிய மகராசன் என்று கேண்டீனில் என் காதுபடவே பேசினார்கள். என்னை வேலையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று சிபாரிசு செய்ததும் மாஸ்டர்தான். பெருந்தன்மையாம்.

பிறகு அவர் எடுத்தது புது அவதாரம். குதிரையின் உயிர், அதன்மேல் இருப்பவர் உயிர் என்று மேடைக்கு மேடை பேசினார். செயற்கைத் தரை வந்தது. கால் முறிவது உண்மையிலேயே குறைந்தது, இருப்பதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். திறப்பு விழாவில் என் தங்கையைச் சக்கர நாற்காலியோடு முன்வரிசையில் வைத்து, எல்லோரும் பார்க்க அவளைக் கும்பிட்டார். இந்த மனிதர் வாயால், தரையில் தப்பில்லை என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள், அது பெரிய ஆசையா? ஆனால் அதைச் சும்மா கேட்டால் சொல்லுவாரா? அவருக்கு வலிக்கிற மாதிரி ஒன்று அந்தத் தரையில் விழ வேண்டும். தரைமேல் குற்றம் சொன்னால் அவர் பெருமை சந்தி சிரிக்கும். குதிரைமேல் சொன்னால் பழைய குட்டு உடையும். எப்படியும் எனக்கு லாபம்.

அவருக்கு ஒரே மகள். சிட்டு என்று கூப்பிடுவார்கள். அவளும் காலையில் குதிரை ஓட்டுவாள். நல்ல பெண், பொய் சொல்லக் கூடாது. வாரா வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, தங்கையின் தலையை வாரிவிட்டு, "அக்கா, இன்னிக்கு அந்தக் கறுப்புக் குதிரை என்ன பண்ணுச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தால் சிரிப்புச் சத்தம் சமையலறை வரை கேட்கும். அவளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே என் தங்கைதான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொடுப்பாள். "வளைவுல பயப்படாத. உள்பக்கக் கம்பிய ஒட்டியே போ, தூரம் மிச்சம்." நான் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் நான் டிராக்டரில் இரும்புப் பல் வைத்த சட்டத்தை மாட்டித் தரையைக் கிளறி, உருளையால் சமன் செய்துவிடுவேன். அந்தக் கன்னித் தரையில் முதலில் இறங்கும் உரிமை மாஸ்டரின் குதிரைக்குத்தான். தரையைக் கொண்டுவந்தவர் என்பதால் மற்றவர்கள் விட்டுக்கொடுத்த மரியாதை. அவருடைய முதல் குதிரையில் எப்போதும் சிட்டுதான் வருவாள். ஆக, யார் முதலில் வருவார்கள், எந்த இடத்தில் கால் படும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். இந்த வசதியை அவர்களே செய்துகொடுத்திருந்தார்கள்.

அன்று வளைவில், உள்பக்கக் கம்பிவேலி ஓரமாக ஒரு துண்டு இடத்தில் மட்டும் பல்லை ஆழமாக இறக்கி அடிவரை கிளறினேன். பிறகு மேலே மட்டும் இழைத்துவிட்டேன். பார்வைக்குத் தெரியாது. நீங்களோ நானோ நடந்து போனால்கூடத் தெரியாது. முழு வேகத்தில் வருகிற குதிரைக்கு மட்டும் தெரியும், கால் உள்ளே புதையும்போது. வேலை சுத்தமாக இருந்தது. இறங்கி நின்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

சிட்டு என்னைக் கடக்கும்போது, "அண்ணே, சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். சாப்பிட்டாச்சும்மா என்றேன். நிஜமாகவே சாப்பிட்டிருந்தேன்.

அவள் கழுத்து ஒடிந்திருந்தது. அதிக நேரம் கஷ்டப்படவில்லை என்று டாக்டர் சொன்னார். ஆம்புலன்ஸ் போனதும் மைதான மேலாளர் என்னைப் பார்த்துக் கத்தினார்: "என்னய்யா மரம் மாதிரி நிக்கிற? மத்த குதிரைங்க காத்துக்கிட்டு இருக்கு. தரையச் சரி பண்ணு!" குதிரை விழுந்தால் அடுத்த குதிரை இறங்குமுன் தரையைச் சமன் செய்வதும் எங்கள் வழக்கம்தான். சரி பண்ணினேன். மதியம் அளவுகோல்களோடு வந்த அதிகாரிகள் அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மறுநாள் மாஸ்டர் டிராக்டர் கொட்டகைக்கு வந்தார். தள்ளாடிக்கொண்டு வந்தார். எண்ணெய் டின்மேல் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "தரைல தப்பில்லப்பா. அந்தக் குதிரைக்கு ரெண்டு நாளா கால் சரியில்ல. ஊசி போட்டேன். புள்ளைகிட்டச் சொல்லல. உன் தங்கச்சிக்கும் இதையேதான் பண்ணேன். பழிய உன்மேல போட்டேன். பாவி நான், என் புள்ளைய நானே கொன்னுட்டேன்." குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறைப்பானேன், எனக்கு இனித்தது. அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். நீங்களே சொல்லுங்கள், கால் சரியில்லாத குதிரை. நான் ஒன்றும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தாலும் அது எங்கேயாவது விழுந்திருக்கும்தானே? நான் செய்தது பாதிகூட இருக்காது.

நேரே வீட்டுக்குப் போனேன். தங்கை முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள். மாஸ்டர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று சொன்னேன். அவள் முகம் மலரவில்லை. "எங்கேண்ணா அவ விழுந்தா?" என்றாள். வளைவில், கம்பி ஓரமாக என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ ஏண்ணா அழவே இல்ல?" என்றாள்.

அவளிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது உங்களிடம் சொல்கிற மாதிரியே. யாருக்காகச் செய்தேனோ அவளுக்குத் தெரிய வேண்டாமா? பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "சரிண்ணா. நீ போய்ப் படு" என்றாள். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் நீங்கள் வந்து எழுப்பினீர்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் வீட்டிலிருந்து உங்களுக்கு போன் செய்தது என் தங்கைதான் என்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் என்றால் அவளுக்கு உயிர், ஐயா. அவள் ஏன் அப்படிச் செய்யப் போகிறாள்?