காலுக்குள் ஒரு மடை

சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் வேட்டியை விலக்கி, காலில் புடைத்திருந்த நரம்பைப் பக்கத்திலிருந்தவருக்குக் காட்டினார்.

"இதுக்குள்ள ரத்தம் ஓடுதத ஆஸ்பத்திரி டிவியில பாத்தேன் வே."

"கீறியா பாத்தாவ?"

"ஊசிகூட குத்தல. பசை தடவி மேலால ஒரு கருவிய வச்சாரு டாக்டர். கெண்டைக்கால அமுக்கினா நீலமா மேல ஏறுது. விட்டா செவப்பா கீழ திரும்புது. நரம்புக்குள்ள மடை மாதிரி இருக்காம். ஒண்ணு மூட மாட்டேங்குதாம்."

"ஊர்ல மடை தொறந்து அடைக்கதே நீருதான."

"அதச் சொன்னேன். டிவிய எம்பக்கம் திருப்பி, 'அப்ப எந்த மடைன்னு நீங்களே காட்டுங்க'ன்னாரு."

"காட்டினீரா?"

"டிவி மேல பைய வெரல வச்சேன். டாக்டர் முட்டுக்குப் பின்னால அதே எடத்துல பேனாவால புள்ளி வச்சாரு. இந்தா பாரும்."

நானும் எட்டிப் பார்த்தேன்.