கொடி நாளுக்கு மறுநாள் எழுதிய கடிதம்

சனிக்கிழமை காலை. தீவில் முதன்முதலில் அமெரிக்கக் கொடி ஏறியதைக் கொண்டாடும் கொடி நாள் நேற்றுதான் முடிந்திருந்தது. மழை விட்டும் விடாமலும் இருந்தது. சுவரில்லாத அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். மலைப்பக்கத் தூணருகே மாகெரிதா, மடியில் கிண்ணமும் கையில் தேங்காய் மூடியுமாக. கடல்பக்கத் தூணில் சாய்ந்தபடி அவளுடைய அண்ணன் மகள் பெனினா. பள்ளி மாணவர் படையில் அவளுக்கு இது இரண்டாம் வருடம். நடுவே பாயில் குப்புறப் படுத்து சாயிலி. மாகெரிதாவின் பெண், அதே படையில் சேர்ந்து சில வாரமே ஆனவள். அவள் முன்னால் கடிதத் தாள். நாலாவது ஆளான சாயிலியின் அண்ணன் சியாகி இப்போது சமோவாவில் இல்லை. கடல் தாண்டி, அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாமில் இருக்கிறான். அங்கே போன் கிடையாது, கடிதம்தான். சாயிலிக்கு இன்று பேனா ஓடவில்லை.

மாகெரிதா: ...எழுதிட்டியா? உன் தங்கச்சி படையில சேரலன்னு?

சாயிலி: "உன் தங்கச்சி" வரைக்கும் எழுதியிருக்கேன்.

பெனினா: அதுக்கே இவ்வளவு நேரம். இவ முடிக்கறதுக்குள்ள சியாகி ஜெனரல் ஆயிடுவான் அத்தை.

மாகெரிதா: நீ அந்தத் தேங்காயை எடுத்துக் குடு. எழுதுடி. போன கடிதத்துல அவன் கேட்டது அது ஒண்ணுதான். நான் ஒருத்தன் வந்தது போதும், சாயிலியாவது உன்கூட இருக்கட்டும்னு...

சாயிலி: சேர்ந்ததும் விமானத்துல ஏத்திடுவாங்களாம்மா? பள்ளிக்கூடத்துப் படை. நடக்கச் சொல்லிக் குடுக்கறாங்க. நாலு பேரைக் கூட்டிட்டுப் போகச் சொல்லிக் குடுக்கறாங்க...

மாகெரிதா: சியாகியும் நடக்கத்தான் கத்துக்கிட்டான். நடந்து... நடந்து... எங்க போய் நிக்கறான் பாரு.

சாயிலி: திங்கக்கிழமை நீ சம்மதம் சொல்லணும். இல்லன்னா சட்டை, தொப்பி எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும்.

மாகெரிதா: துவைச்சு மடிச்சுக் குடு. ஈரத்தோட குடுக்காதே.

பெனினா: சம்மதமே வேண்டியிருக்காது அத்தை. நேத்து இவ பண்ணின காரியத்துக்கு...

சாயிலி: பெனினா, வேண்டாம்.

மாகெரிதா: என்ன காரியம்?

பெனினா: ஊருக்கே தெரியும். நீங்கதான் கொடி நாள் அன்னிக்குக்கூட மீன் ஆலைக்குப் போயிட்டீங்க.

மாகெரிதா: சொல்லு.

பெனினா: அணிவகுப்புல படைக்கொடியைப் பிடிச்சுக்கிட்டு இவதான் எல்லாருக்கும் முன்னால. புதுசா வந்தவளுக்கு யார் குடுப்பா? சார்ஜண்ட் ஃபோலாவ் குடுத்தாரு. இவ தோள் நேரா இருக்காம். ஒரு வாரமா ஒரே பல்லவி. பெரிய தலைவருங்க உக்காந்திருக்கற பந்தல் வரும், கழுத்து அசையக் கூடாது, முதுகு தென்னை மரமா நிக்கணும்னு...

மாகெரிதா: சரி.

பெனினா: பந்தல் வந்துச்சு. எல்லாப் பெரியவங்களும் உக்காந்திருக்காங்க. இவ... குனிஞ்சுட்டா.

மாகெரிதா: குனிஞ்சாளா?

பெனினா: வீட்டுல பெரியவங்களைத் தாண்டிப் போவோமே, அப்படியே. இடுப்பு வரைக்கும். "துலோ, துலோ"ன்னு மன்னிப்பு வேற. முன்னால போறவ செய்யறதைத்தானே பின்னால வர்றவங்க செய்யணும்? மொத்தப் படையும் குனிஞ்சுச்சு அத்தை. நண்டுக் கூட்டம் மாதிரி ஊர்ந்து பந்தலைத் தாண்டினோம்.

மாகெரிதா: நீயும்?

பெனினா: முதுகு தானா வளையுது, நான் என்ன பண்ண... பாண்டு அடிக்கறவன் ஒருத்தன் ஊதறதை விட்டுட்டுச் சிரிச்சான்.

மாகெரிதா: சார்ஜண்ட் என்ன சொன்னாரு?

சாயிலி: ஒண்ணும் சொல்லல. கொடியை மட்டும் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டாரு.

பெனினா: அவர் திட்டினா பொழைச்சோம். பேசாம இருந்தாருன்னா... முடிஞ்சுது கதை.

மாகெரிதா: நல்லதாப் போச்சு. அவங்களே படையிலேர்ந்து அனுப்பிடுவாங்க. எழுது.

சாயிலி: அம்மா... விடியக்காலையில எங்க மைதானத்துக்கு வந்திருக்கியா?

மாகெரிதா: எதுக்கு?

சாயிலி: மலையிலேர்ந்து மேகம் இறங்கிப் புல்லு மேல படுத்திருக்கும். எதிர்ல ஒண்ணுமே தெரியாது. அதுக்குள்ளதான் நடப்போம். முதல்ல தனித்தனிக் காலாக் கேக்கும். கொஞ்ச நேரத்துல... ஒரே காலு. யாரோ ரொம்பப் பெரிய ஆளு ஒருத்தர் மேகத்துக்குள்ள நடந்து வர்ற மாதிரி. அதுல எது என் காலுன்னு எனக்கே தெரியாது.

பெனினா: எனக்குத் தெரியும். ஷூ கடிக்கறது என் காலு.

சாயிலி: அப்ப யாரும் என்னைக் கூப்பிடறது இல்ல. தண்ணி கொண்டா, பாயை விரி... ஒண்ணும் இல்ல. கடல்ல மல்லாந்து மிதந்தா உடம்பு பாரமே தெரியாதே? அது மாதிரி. ஆனா நின்னுக்கிட்டே... தூங்கறியாம்மா?

மாகெரிதா: இல்ல. சியாகியும் இதைத்தான் சொன்னான். மேகத்தைச் சொல்லல... அந்த ஒரே காலைச் சொன்னான்.

பெனினா: மழை விட்டுடுச்சு.

மாகெரிதா: சாயிலி, நேத்து பந்தல்கிட்ட... மறந்தா குனிஞ்ச?

பெனினா: மறந்துதான் அத்தை. பயத்துல...

சாயிலி: மறக்கல.

பெனினா: என்னது?

சாயிலி: சார்ஜண்ட் சொன்னது காதுலயே இருந்துச்சு. விறைப்பாப் போயிடணும்னுதான் வந்தேன். அங்க உக்காந்திருந்தவங்களைப் பாத்தேன். அவங்களை அப்படியே தாண்டிப் போனா, யாரு பெத்த பொண்ணுடி இவன்னுதானே கேப்பாங்க? உன்னைத்தானே சொல்லுவாங்க... தெரிஞ்சேதான் குனிஞ்சேன்.

பெனினா: அடிப்பாவி. எங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிருக்கா.

மாகெரிதா: ...கடிதம் எங்க நிக்குது?

சாயிலி: "உன் தங்கச்சி படையில"... அங்கதான்.

மாகெரிதா: "சேர்ந்துட்டா"ன்னு முடி.

சாயிலி: அம்மா?

மாகெரிதா: முடிடி. கோபம்னா என் மேல கோவிச்சுக்கோ, அவ மேல வேண்டாம்னு கீழ எழுது.

பெனினா: பஸ் சத்தம் கேக்குது அத்தை. இதை விட்டா தபாலாபீஸ் மூடிடுவாங்க.

மாகெரிதா: பஸ்காரனை ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லு. மடிச்சு உறையில போடு சாயிலி. நாக்கால நல்லாத் தடவு, இந்த ஈரத்துல பசை பிடிக்காது.

சாயிலி: எழுதி என்னம்மா? சார்ஜண்ட்தான் என்னைப் படையிலேர்ந்து அனுப்பப் போறாரே. கொடியையே வாங்கிட்டாரு...

மாகெரிதா: மழையில நனைஞ்சிருந்துச்சு, துடைச்சு வைக்க வாங்கினாரு. நீ குனிஞ்சப்ப வளைஞ்சது உன் முதுகு மட்டும்தான். கொடி ஒரு விரக்கடைகூடச் சாயல. அதைப் பாத்துட்டுத்தான் அவரு கூட்டத்துப் பக்கம் வந்து, யாரு பெத்த பொண்ணுன்னு கேட்டாரு. நான் மீன் ஆலைக்குப் போகலடி, பந்தலுக்குப் பின்னால நின்னேன். நான் பெத்ததுதான், சேத்துக்குங்கன்னு அங்கயே சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தா சியாகி முகம்... விடிஞ்சதும் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிடலாம்னு பாத்தேன், முடியல... ஒட்டிட்டியா? குடு பெனினாகிட்ட, பஸ் நிக்குது.