ஆளியை மூடும்

பார்த்தீபன்: கொஞ்சம் தள்ளி நில்லும் சுபா. வெளிச்சத்தை மறைக்கிறீர்.

சுபாஷினி: நான் இங்கயே நிக்கிறேன். டார்ச்ச இந்தப் பக்கமா பிடிச்சுக்கிறேன், போதுமா?

பார்த்தீபன்: கராஜில எவ்வளவு இடம் கிடக்கு... என்ரை மூக்குக்கு முன்னாலதான் நிக்கோணுமோ?

சுபாஷினி: நின்னா என்னா? கட்டின பொண்டாட்டிதானே. பசியாறலையான்னு கதவுகிட்ட நின்னு ரெண்டு தரம் கேட்டேன். திரும்பிக்கூட பாக்கல.

பார்த்தீபன்: பசியாறுறது, அது இது எண்டு உம்மட மலேசியாத் தமிழ் எனக்குச் சட்டெண்டு பிடிபடாது.

சுபாஷினி: நம்ம மக யூனிவர்சிட்டிக்கே போயிட்டா. இன்னுமா பிடிபடல?

பார்த்தீபன்: வர வரத்தான் பிடிபடுதில்லை... இந்தச் சுவிட்சைப் பிடியும். தலைகீழாப் பிடிக்காதையும்.

சுபாஷினி: பியர் காய்ச்சுறதுக்கு எதுக்குங்க லைட்டு வச்ச சுவிட்சு? பழசு நல்லாத்தானே இருந்துச்சு.

பார்த்தீபன்: பார்க்க வடிவா இருக்கும். போட்ட உடன பச்சை எரியும். பம்ப் ஓடுது எண்டு தூரத்திலயே தெரியும்.

சுபாஷினி: பம்பு ஓடுனா சத்தம் கேக்குமே.

பார்த்தீபன்: ...மழை பெய்தா இந்தத் தகரத்துக்குக் கீழ ஒண்டும் கேளாது. ஒக்லாந்தில மழை பெய்யாத நாள் ஏது?

சுபாஷினி: போன பம்பு எரிஞ்ச அன்னைக்கு நல்ல வெயிலு. நான் துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன்.

பார்த்தீபன்: ...அதுக்கு முந்தின பம்ப் மழையில.

சுபாஷினி: பானை காலியாகி, பம்பு வெறும் காத்த இழுத்துக்கிட்டு கத்துது. நீங்க பக்கத்துலயே நின்னு போத்தல் கழுவுறீங்க.

பார்த்தீபன்: நினைப்பு வேற எங்கயோ இருந்தது. அதுக்குத்தானே லைட் போடுறன். இதுவும் எரிஞ்சா காய்ச்சுறதை அடியோட விட்டிடோணும் எண்டு சொன்னனீர். நான் மறக்கேல்லை.

சுபாஷினி: பயந்துதான் சொன்னேன். ஹீட்டரும் அதே மேசையில இருக்கு.

பார்த்தீபன்: ஹீட்டரை எலெக்ட்ரீசியன் பொருத்திப் பூட்டித் தந்தவர், அதில நான் கை வைக்கமாட்டன். இது பன்னிரண்டு வோல்ட், கார் பற்றறி மாதிரி. என்னோட வேலை செய்யிற லிங்கேஸ்வரன் வீட்டுக் கலியாணத்துக்குப் பனங்கட்டி போட்ட கறுப்பு பியர் தாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். இண்டைக்குப் பூட்டி இண்டைக்கே ஓட்டிப் பாப்பன்.

சுபாஷினி: அதுக்குத்தான் சான்ட்ரிங்ஹாம் கடையில இருந்த பனங்கட்டிய எல்லாம் அள்ளிக்கிட்டு வந்தீங்களா? பிடிவாதம்.

பார்த்தீபன்: ஓம், பிடிவாதம்தான். இஞ்ச பாரும், சுவிட்சுக்குப் பின்னால மூண்டு கால். ஒண்டில கரண்ட் வரும். மற்றதால பம்புக்குப் போகும்.

சுபாஷினி: மூணாவது? இது மட்டும் தங்கக் கலர்ல மின்னுது.

பார்த்தீபன்: அது லைட்டுக்கு. அதிலதான் கறுப்பு வயர். அது இல்லாட்டியும் பம்ப் ஓடும், லைட்தான் எரியாது... சரி. பூட்டியாச்சு. பானையில தண்ணியும் விட்டாச்சு. இப்ப ஆளியை மூடும்.

சுபாஷினி: எந்த ஆள மூடணும்?

பார்த்தீபன்: ஆளி. சுவிட்ச். மூடும் எண்டா, போடும்.

சுபாஷினி: மூடுன்னா அடைக்கிறதுங்க. எங்க வீட்ல லைட்ட அடைன்னா, ஆப் பண்ணுன்னு அர்த்தம்.

பார்த்தீபன்: எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சது, ஆளியை மூடினாத்தான் மின் ஓடும். திறந்தா நிண்டிடும்.

சுபாஷினி: கதவ மூடுனா ஆள் வர முடியாது, சுவிட்ச மூடுனா கரண்டு வருமா? நல்லா இருக்கு உங்க படிப்பு.

பார்த்தீபன்: விளங்கிச்சுதெல்லே? மூடும்.

சுபாஷினி: ...மூடிட்டேன்.

பார்த்தீபன்: எங்க மூடினது? பச்சை எரியேல்லை.

சுபாஷினி: லைட்டு எரியலதான். ஆனா...

பார்த்தீபன்: பம்பும் சும்மா கிடக்கு.

சுபாஷினி: ...பம்பு சும்மாவா கிடக்கு?

பார்த்தீபன்: ஓம். ஒரு சத்தமும் இல்லையே. நீர் உம்மட ஊர் மூடு மூடியிருக்கிறீர். என்ன முழிக்கிறீர்?

சுபாஷினி: ஒன்னும் இல்ல... ஆமாங்க. பழக்க தோஷத்துல அடைச்சிட்டேன் போல. அந்தக் கறுப்பு ஒயர பாருங்க, மேசைக்கு அடியில தொங்குது.

பார்த்தீபன்: எங்கை... ஓ, தங்கக் காலில இருந்து கழண்டிட்டுது. பொறும், குனிஞ்சு எடுக்கிறன். இந்தப் பம்பைக் கொஞ்சம் அங்கால தள்ளி அரக்கினா...

சுபாஷினி: பம்ப தொடாதீங்க.

பார்த்தீபன்: பம்ப் நடுங்குது. சுபா, இது ஓடிக்கொண்டு கிடக்கு. அடைச்சிட்டன் எண்டனீர்.

சுபாஷினி: நீங்க ஓடலைன்னு சொன்னீங்க... அதான்.

பார்த்தீபன்: பெரிய சத்தமோ?

சுபாஷினி: மேசையே அதிருது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல எட்டிப் பாத்துட்டுப் போறாரு.

பார்த்தீபன்: ...எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. இண்டைக்கு மட்டுமில்லை. போன வருசம் தொடக்கம், கொஞ்சம் கொஞ்சமா...

சுபாஷினி: ம்.

பார்த்தீபன்: சொன்னா இதையெல்லாம் தூக்கி வெளியில வைச்சிடுவீர் எண்டு பயம். உம்மட தமிழ் விளங்கேல்லை எண்டு சொல்லிச் சொல்லிச் சமாளிச்சன். பாவம், உம்மட தமிழ்.

சுபாஷினி: அது தாங்கும்.

பார்த்தீபன்: இதை என்னால விட ஏலாது சுபா. வேலையால வந்து இந்தக் கராஜுக்குள்ள நிக்கிற நேரம்தான் எனக்கு நிம்மதி. காது இல்லாட்டி என்ன, கண் இருக்கு. பச்சை எரிஞ்சா ஓடுது, எரியாட்டி நிக்குது. நான் காய்ச்சத்தான் போறன்.

சுபாஷினி: காய்ச்சுங்க. யாரு வேணாம்னா? திங்கக்கெழம என்கூட காது டாக்டர்கிட்டயும் வரணும்.

பார்த்தீபன்: ...வாறன்.

சுபாஷினி: அப்ப இத அடைச்சிட்டேன். எங்க ஊர் அடைப்பு. ஒயர செருகுங்க.

பார்த்தீபன்: செருகியாச்சு. இப்ப மூடும். எங்கட மூடு.

சுபாஷினி: மூடிட்டேன்... அட, பச்சை.

பார்த்தீபன்: பாரும், என்ன வடிவா எரியுது... கையை வைச்சுப் பாத்தா நடுங்கவும் செய்யுது. இனி உமக்குத் தெரியாமல் என்னட்டை ஒண்டும் இல்லை. இப்பவாவது கொஞ்சம் தள்ளி நில்லும், மறைக்காமல். என்ரை லைட்டை நான் தூர நிண்டு பாக்கோணும்.

சுபாஷினி: தள்ளி நின்னா நான் பேசுறது உங்களுக்கு எப்படிங்க தெரியும்? ஒரு வருஷமா வாயத் தொறக்குறப்பல்லாம் உங்க மூஞ்சிக்கு நேரா வந்து நிக்கிறேனே... வெளிச்சத்த மறைக்கவா?