ரொட்டி வீடியோவில் பின்னால் கேட்ட குரல்

என் பெயர் சிவலீலா. வயது 44. கணவர் பெயர் விருபாக்ஷப்பா. கர்நாடகத்தின் கதக் நகரம், முளகுந்த் நாகா அருகில் குடியிருந்து, வீட்டின் முன்னறையிலேயே சோள ரொட்டி சுட்டு, காயவைத்து, பொட்டலம் கட்டி விற்று வருகிறேன். என்னோடு மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித் தாங்கள் கேட்டதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில், சுமார் நாற்பத்தைந்து வயதுள்ள அந்தப் பெண் என் வாசலில் வந்து நின்றார். கன்னடமும் இந்தியும் அவருக்குத் தெரியவில்லை. ரொட்டி கொடுத்தேன். தின்று முடித்ததும் யாரும் கேட்காமலே மாவுத் தாம்பாளத்தின் முன் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு அவரை இதே காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தேன்; அவர் மொழி இங்கும் யாருக்கும் புரியாததால் பெண்கள் காப்பகத்தில் சேர்த்தார்கள்; நான்காம் நாள் அவரே நடந்து என் வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பகத்தார் சம்மதித்து எழுதிக் கொடுத்த பிறகு என்னிடமே இருந்து வருகிறார். அக்கவ்வா என்று கூப்பிட்டோம். அடுப்பின் முன் உட்கார்ந்தால் ஓயாமல் எதையோ முணுமுணுப்பார். புத்தி பேதலித்தவர் என்று நினைத்துக்கொண்டோம்.

சென்ற ஜனவரியில் என் நாத்தனார் கமலாட்சி புனேயிலிருந்து வந்திருந்தார். "அண்ணி, சந்தை சந்தையாத் தூக்கிட்டு அலையுறீங்களே, சுடுறதை வீடியோ எடுத்துப் போடுங்க. ஊரே பாக்கும்" என்றார்.

"என் மூஞ்சிய யாருடி பாப்பாங்க?"

"மூஞ்சிய எவ கேட்டா? கையைக் காட்டுங்க."

அதன் பிறகு செல்போனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்து எடுத்தோம். முதல் வீடியோவில் என் தலையே இல்லை. இரண்டாவதில் பேச வேண்டியதை மறந்து, "ம்... ரொட்டி" என்று மட்டும் சொன்னேன். பதினோரு பேர் பார்த்தார்கள், அதில் ஏழு பேர் சொந்தக்காரர்கள். ஐந்தாவது நன்றாக வந்தது. ஆனால் என் குரலுக்குப் பின்னால் அக்கவ்வாவின் முணுமுணுப்பு முழுவதும் கேட்டது. அடுத்த தடவை அவரை உள்ளே உட்கார வைக்கும்படி கமலாட்சி சொன்னார். அந்தச் சத்தத்தை எடுக்கும் வழி இருவருக்குமே தெரியாததால் அப்படியே போட்டோம்.

மூன்றாம் நாள் காலை அந்த வீடியோவின் கீழே லக்ஷ்மண் பாஸ்கே என்ற, எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் இந்தியில் எழுதியிருந்தார். அவர் சூரத்தில் வேலை செய்பவர் என்று பின்னர் அறிந்தேன். கமலாட்சி படித்துச் சொன்னார்: "பின்னாடி பேசுறது யாருன்னு கேக்குறாரு அண்ணி. அது ஒடிசாப் பக்கத்துல அவங்க ஆளுங்க பேசுற சந்தாலி பாஷையாம். 'நான் சுகுமணி, மயூர்பஞ்சுல சால்பனி ஊரு, மக பேரு துலாரி. துலாரி, மழை வருது, ஆட்டைக் கட்டு, அம்மா வந்துட்டே இருக்கேன்'னு சொல்றாங்களாம்."

தோசைக்கல்லில் இருந்த ரொட்டி கருகியது. யாரும் எடுக்கவில்லை. நான் அக்கவ்வாவின் முன் போய் உட்கார்ந்து "சுகுமணி" என்றேன். அவர் கை மாவிலேயே நின்றது. "துலாரி" என்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு மாவுக் கையால் என் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறு வருஷமா நம்ம பக்கத்துல உக்காந்து விலாசம் சொல்லிட்டு இருந்திருக்காங்க" என்றார் கமலாட்சி.

அதன் பிறகு தங்களிடம் வந்து தெரிவித்தேன். சுகுமணி ஹேம்ப்ரம் என்பவர் செங்கல் சூளை வேலைக்குப் போகும் வழியில் ரயில் மாறி ஏறிக் காணாமல் போனதாக அந்த ஊரில் புகார் இருப்பதைத் தாங்கள் விசாரித்துச் சொன்னீர்கள். இன்று காலை மகள் துலாரி, வயது 23, அவ்வூர்க் காவலர் ஒருவருடன் இங்கே வந்தார். சுகுமணி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. மெதுவாக அருகில் சென்று, அந்தப் பெண்ணின் கூந்தலை விலக்கி, காதுக்குப் பின்னால் இருந்த தழும்பைப் பார்த்தார். அதன் பிறகு இருவரும் பேசினார்கள். நாங்கள் தினமும் கேட்ட அதே முணுமுணுப்புதான். அதற்கு ஒருவர் பதில் சொல்லி நான் கேட்டது இன்றுதான். பதில் வர வர அது பேச்சாக மாறியது.

பிறகு சுகுமணி என்னைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். மகள் சிரித்துவிட்டார். என்னவென்று மகளிடம் இந்தியில் கேட்கும்படி, உடன் வந்திருந்த கமலாட்சியிடம் சொன்னேன்.

"தண்ணி நல்லாக் கொதிக்கிறதுக்குள்ள மாவுல ஊத்திடுறீங்களாம் அண்ணி. அதான் ரொட்டி ஓரம் விரிசல் விடுதாம். வந்த நாள்லேருந்து சொல்றாங்களாம், நீங்க காதுலயே வாங்கலையாம்."

அவர் சொன்னது சரி.

அவரை நான் ஒருபோதும் தடுத்து வைத்ததில்லை. மகளுடன் அனுப்புவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது, கூட்டியதும் மறைத்ததும் இல்லை என உறுதி கூறிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சிவலீலா