கோழி வாசலில் நான் உயர்த்தாத கை

பெயர்: இர்மெலா ஹோல்ஸ்வார்ட். வயது: 63. கணவர்: ஏகோன் ஹோல்ஸ்வார்ட், வயது 66, கார் ஓட்டப் பழக்கும் ஆசிரியர். தொழில்: பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்து ஓய்வு. விலாசம்: 9, ஆலைத் தெரு, கைஸ்லிங்கன்.

நான் மேற்கண்ட விலாசத்தில் கணவருடன் குடியிருக்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே இந்த நிலையத்துக்கு வந்தேன். நேற்று எங்கள் வேன் இவ்வூர்க் கோட்டை மதிலின் கோழி வாசலில் மோதியது. நான் கைகளைக் குறுக்காக உயர்த்தி நிறுத்தச் சொன்னதாகவும், அதைப் பார்த்தும் தான் ஓட்டியதாகவும் என் கணவர் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்று இன்று காலை தெரிந்துகொண்டேன். அது நிலைத்தால் அவருடைய ஓட்டுநர் உரிமம் பறிபோகும் என்றும் சொன்னார்கள். அவர் சொன்னது உண்மையல்ல.

படுக்கையும் அடுப்பும் உள்ள அந்த வேனில் கடந்த திங்கட்கிழமை புறப்பட்டோம். ஆறு நாளில் பதினோரு கோட்டைகள் என்று அவர் பட்டியல் போட்டிருந்தார். ஒரு கோட்டைக்கு நாற்பது நிமிடம். மதில் சூழ்ந்த பழைய ஊர்களின் தெருக்கள் குறுகலானவை என்பதால், ஒவ்வொரு வாசலிலும் நான் இறங்கி முன்னால் போய் நின்று கைகாட்ட வேண்டும், அவர் ஓட்டி வருவார். வேனை நான் ஓட்டியதில்லை, அவர் விட்டதில்லை. கைகாட்டுவதற்கு எங்களிடம் ஒரே விதிதான். நான் கண்ணில் படாவிட்டால் அவர் நிற்க வேண்டும், கண்ணில் பட்டுக் கை உயராவிட்டால் வரலாம்.

முதல் நாள் இரண்டாவது கோட்டையில் ஒரு மாடத்தின் முனை இடிக்கும் என்று கையை உயர்த்தினேன். அவர் இறங்கி வந்து அளந்து பார்த்துவிட்டு, சுற்றி நின்றவர்கள் காதில் விழும்படி, "இன்னும் ரெண்டு விரக்கடை இருக்கு. யானையே போகும், இர்மெலா!" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு புதன்கிழமை ஒரு பாலத்தில் மறுபடி உயர்த்தினேன். அங்கேயும் இடம் இருந்தது. அப்போது அவர், "இனிமே கையத் தூக்குறதா இருந்தா நல்லா யோசிச்சுட்டுத் தூக்கு" என்றார்.

அதன் பிறகு நேற்று சனிக்கிழமை காலை நோர்ட்லிங்கன் ஊருக்குப் போனோம். அங்கே என் பள்ளித் தோழி ஹன்னலோர் இருக்கிறாள். பத்தொன்பது வருடமாக நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. இந்தப் பயணத்தில் நான் கேட்டது அவளோடு ஒரு மதியச் சாப்பாடு மட்டும்தான். அவள் மேசையில் தட்டுகள் வைத்திருந்தாள். பதினொன்றரை மணிக்கு அவர் வெளியே வேனில் உட்கார்ந்தபடி ஆரனை அடித்தார். நான் ஜன்னல் வழியாக, "சூப் இப்பதான் கொதிக்குது, ஏகோன்" என்றேன். "பன்னெண்டரைக்கு அடுத்த கோட்டைக் கதவைச் சாத்திருவான். சூப்பு எந்த ஊர்லயும் கிடைக்கும்" என்றார். ஹன்னலோர் பிளம் கேக்கைத் தட்டோடு என் கையில் கொடுத்தாள். வேனில் துகள் சிந்தக்கூடாது என்று அவர் சொன்னதால் தட்டை மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வந்தது, கோபம் அதைவிட அதிகமாக வந்தது.

அதன் பிறகு பன்னிரண்டேகால் மணிக்குக் கோழி வாசலுக்கு வந்தோம். அங்கே பலகையில் உயரம் இரண்டு மீட்டர் தொண்ணூறு என்று இருக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே அவர் ஒட்டிய சீட்டில் வேனின் உயரம் இரண்டு மீட்டர் எண்பத்தாறு என்று இருக்கிறது. அது பழைய அளவு. குளிர்காலத்தில் அவரே கூரை மேல் ஏசி பெட்டி பொருத்தினார். சீட்டை மாற்றி எழுதும்படி இரண்டு முறை சொன்னேன். கேட்கவில்லை.

நான் தட்டோடு இறங்கி வாசலுக்கு வெளியே ஓரமாகப் போய் நின்றேன். வேன் மெதுவாக வந்தது. பெட்டி வாசல் வளைவுக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். நல்லா யோசிக்கச் சொல்லியிருந்தார். யோசித்தேன். கையைத் தூக்கவில்லை.

பெட்டி உடைந்தது. வளைவின் உச்சியில் செதுக்கியிருந்த கல்கோழி பெயர்ந்து, கூரைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. நாங்கள் கதவைத் திறந்தபோது அது என் தலையணை மேல் கிடந்தது. அறுநூறு வருடம் அந்த வாசலில் இருந்த கோழி. அதற்காக வெட்கப்படுகிறேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காவலர்கள் வந்து அவரைத் தனியாக அழைத்துப் போய் விசாரித்தார்கள்.

தட்டு பிடித்திருந்ததால் கையை உயர்த்த முடியாமல் போயிருக்குமா என்று இதை எழுதும் அதிகாரி இரண்டு முறை கேட்டார். இல்லை. தட்டைக் கீழே வைத்திருக்கலாம். சத்தமாவது போட்டிருக்கலாம்.

என் கணவர் நாற்பது வருடமாக விபத்தே இல்லாமல் ஓட்டியவர். அந்தப் பெருமையைத் தவிர வேறு பெருமை அவருக்குக் கிடையாது. என்னைக் காப்பாற்ற அதையே விட்டுக்கொடுத்திருக்கிறார். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். இர்மெலா சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்று அவர் வாய்திறந்து ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. அதுவும் நான் சொல்லாத ஒன்றுக்காக.

அவருடைய வாக்குமூலத்தை விட்டுவிட்டு என்னுடையதை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பெட்டி நீட்டிக்கொண்டிருந்ததை "கவனிக்கத் தவறினேன்" என்று முதலில் எழுதியிருந்ததை அடித்து, "தெளிவாகத் தெரிந்தது" என்று திருத்தச் சொன்னேன். திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றபடி நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

(ஒப்பம்) இர்மெலா ஹோல்ஸ்வார்ட்