பதினோராயிரம் பேரை ஆப்சென்ட் ஆக்கிய படிவம்

எனக்கு மைசூர் போண்டா பிடிக்கும், ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் பெரிய துப்பு கிடைத்ததுபோல் குதிக்க வேண்டாம்.

மாணிக்கவாசகம் ஆகிய நான் இந்தப் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் மாற்ற அனுமதிக் குழுவின் செயலாளர். தலைவர் பேராசிரியர் வெங்கடரமணன், அதாவது தாங்கள். படிவம் இல்லாமல் இங்கே ஒரு ஒயரைக்கூட யாரும் தொடக்கூடாது. புதன்கிழமை மூன்று மணிக்கு நான் படிவங்களை வாசிப்பேன். நீங்கள் ஐந்து பேரும் அடையாறு மெஸ் போண்டாவைத் தின்றபடி கையெழுத்துப் போடுவீர்கள். தொண்ணூற்றிரண்டிலிருந்து ஐந்து வருஷமாக ஒரு புதனும் தவறியதில்லை.

அப்புறம்தான் ஹம்சினி வேலைக்கு வந்தாள். மயிலாப்பூர்ப் பெண், படுசூட்டிகை. அவள் எழுதிய தேர்வு முடிவு புரோகிராம் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. ஆறு வாரம் ஒரு படிவமும் வரவில்லை.

"எல்லாம் சமத்தா ஓடிண்டிருக்கு சார். மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்லையே, கூட்டம் எதுக்கு? குழுவைக் கலைச்சுடலாமே" என்றாள்.

குழு போனால் நான் மறுபடி விடுதி ஸ்டோருக்குப் போக வேண்டும். அங்கே நான் வாசிப்பதைக் கேட்க எலிகள்தான் உண்டு.

நான் விதியை மீறுகிற ஆள் இல்லை. படிவம் எழுதினேன். மாற்றம்: பதினோராயிரம் மாணவர்களின் மதிப்பெண்களை அழித்து, எல்லாரையும் ஆப்சென்ட் ஆக்குவது. காரணம்: குழுவுக்கு வேலை வேண்டும். மதிப்பெண்களின் பிரதி இருந்த டேப்பை அழிப்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. விடைத்தாள்களைக் கொளுத்துவது மூன்றாம் பக்கத்தில். ஓர் எழுத்து விடாமல் நிதானமாக வாசித்தேன்.

"சட்னி இன்னும் கொஞ்சம் வருமோ?" என்று கேட்டீர்கள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டீர்கள். அனுமதித்த தேதியில், அனுமதித்த வரிசையில் செய்து முடித்தேன்.

வெள்ளிக்கிழமை பியூன் நாகராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தான். "இன்னா சார் இது, பரீச்ச எழுதுன அத்தினி பேரும் ஆப்சென்ட்டுனு வந்துகினு கீது! பசங்க வாசல்ல கல்லோட நிக்கறானுங்க!"

"படிவம் எழுதித் தரச் சொல்" என்றேன்.

ஹம்சினி அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. போண்டா கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

எனக்கென்று நான் எதுவும் செய்துகொள்ளவில்லை, ஐயா. இதோ, விசாரணைக்காகக் குழு தினமும் கூடுகிறது. குறிப்பெழுத வேறு ஆள் இல்லாததால் தீர்ப்பையும் நானே எழுதினேன். குற்றவாளியின் பெயர் வெங்கடரமணன், தண்டனை பதவி நீக்கம் என்று வாசித்துக் காட்டினேன். காலையில்தான் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டீர்கள். அடுத்த புதன் நீங்கள் வர முடியாது. பரவாயில்லை, தலைவர் இல்லாதபோது செயலாளரே கூட்டத்தை நடத்தலாம்.