நான்காம் வகுப்பு மேசையில் எடுத்த இரண்டாவது வீடியோ

என் பெயர் பியோ செரின். வயது முப்பத்து நான்கு. ஜோஞ்சு நகரில் வசித்து வருகிறேன். அங்குள்ள தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியை. என்மீது புகார் கொடுத்துள்ள திரு. மேங் குவாங்சு, என் வகுப்பு மாணவி ஹேயோனின் தந்தை.

சென்ற வாரம் பிள்ளைகள் குழுவாகக் காகிதப் பாலம் கட்டுவதை, பெற்றோர் கூட்டத்தில் காட்டுவதற்காக வீடியோ எடுத்தேன். அதற்குப் பெற்றோர் அனைவரின் சம்மதமும் இருந்தது. அதன் பிறகு ஆசிரியர் அறையில் அதைப் போட்டுப் பார்த்தபோது, தக் இஜுன் என்ற மாணவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, மற்றவர்கள் உடனே சிரிப்பதையும், ஹேயோன் அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தாமதமாகச் சிரிப்பதையும் கண்டேன். அந்த வீடியோவில் வேறு இடங்களிலும் அப்படியே இருந்தது.

ஏன் என்று அறியும் ஆவலில், மறுநாள் அந்தக் குழு உட்காரும் மேசைக்கு எதிரே செல்போனை நிறுத்திவைத்து, ஹேயோனுக்குப் பின்னால் நின்று சாதாரணக் குரலில் அவள் பெயரைச் சொன்னேன். அவள் திரும்பவில்லை. இஜுன் மேசையைத் தட்டிக் கண்ணால் என்னைக் காட்டிய பிறகே திரும்பி, “என்ன டீச்சர்?” என்றாள். இந்த வீடியோவுக்கு நான் யாரிடமும் கேட்கவில்லை.

அதன் பிறகு அதை மெதுவாக ஓட்டிப் பார்த்ததில், அவளுக்காக மேசையைத் தட்டுவது இஜுன் மட்டுமல்ல, அந்த மேசைப் பிள்ளைகள் அனைவருமே என்று தெரிந்தது. இஜுனைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

“எப்பலேர்ந்துடா இப்படி?”

“மூணாங்கிளாஸ்லேர்ந்து டீச்சர். அவளுக்குத்தான் காது சரியா கேக்காதே.”

“எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே டீச்சர்!”

அன்று மாலையே ஹேயோனின் தந்தைக்குத் தொலைபேசியில், வீடியோ எடுத்ததையும் அதில் கண்டதையும் சொன்னேன். “எம் பொண்ண வேவு பாத்திருக்கீங்க. அவளுக்குக் காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, திமிருதான் ஜாஸ்தி” என்று கூறிவிட்டுப் புகார் கொடுத்தார்.

இன்று காவல் நிலையத்தில் அதிகாரி எங்கள் இருவர் முன்னிலையிலும் அந்த வீடியோவை ஓட்டினார். நான் கூப்பிட்டு அவள் திரும்பாத இடத்தை மறுபடி ஓட்டச் சொன்ன திரு. மேங், நாற்காலியை இழுத்துத் திரைக்கு அருகில் போட்டுக்கொண்டு, இன்னொரு முறையும் பார்த்தார். அதன் பிறகு என்னிடம், “வீட்ல கூப்பிட்டா திரும்பவே மாட்டா டீச்சர். எம்மேல கோவம்னு நெனச்சேன். நானும் அவகூடப் பேசறத விட்டுட்டேன்” என்றார்.

புகாரைத் திரும்பப் பெறுகிறீர்களா என்று அதிகாரி கேட்டதற்கு, “மாட்டேன். கேட்டுட்டு எடுத்திருக்கணும்” என்றார். அது சரிதான். அதன் பிறகு, காது மருத்துவரிடம் காட்டுவதற்கு அந்த வீடியோவின் நகல் கிடைக்குமா என்று என்னிடமே கேட்டார்.

மேலே பதிவானதை அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது. சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) பியோ செரின்